ஐந்தரைக் கட்டை

அத்தியாயம் 12

லீவு தரமாட்டேன் என்று கரஸ்பாண்டென்ட் சிட்டிபாபு சொன்னார். தராவிட்டால் நானே எடுத்துக்கொள்வேன் என்று நளினி சொன்னாள். போன வாரம் அவளை அங்கேதான் விட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. இத்தனை வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தின் பாட்டு டீச்சர் அவள். ஒரு நாளும் அந்த மனிதரிடம் குரலை உயர்த்தியதில்லை. மைக் இல்லாத வகுப்புகளில், ஒவ்வொன்றிலும் அறுபது பிள்ளைகளுக்கு மேலே, உயர்த்தி உயர்த்தியே செலவழிந்த குரல் அது. கரஸ்பாண்டென்டுக்கென்று எடுத்துவைக்க மிச்சம் ஏது?

கணக்கு டீச்சர் வராவிட்டால் பாட்டு டீச்சரைப் போடு. சயின்ஸ் சார் டிரெயினிங் போனால் பாட்டு டீச்சரைப் போடு. ஆண்டு விழா வந்தால் மட்டும் பாட்டு டீச்சர் எங்கே என்று தேடு. இந்த நாய்படாத பாட்டிலிருந்து வெளியேற அவளுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. திருப்பதியில் புதிதாகத் தொடங்கிய இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு விரிவுரையாளர் வேலை. ஒரே ஒரு இடம். இன்று காலை பாடிக் காட்ட வேண்டும்.

அவள் புருஷன் கோவர்த்தனன் வழக்கம்போல் சித்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனும் அதே தொழில்தான். சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் மியூசிக் சார். மாலையில் நளினியின் கச்சேரிகளுக்கு வயலின். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பாட்டுக்கு அவன் வில்தான்.

இன்றைக்கு மட்டும் அது கூடாது. பாட வருகிறவர்கள் சொந்தப் பக்கவாத்தியம் கொண்டுவரக் கூடாது என்று கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வயலின், மிருதங்கம், சுருதிப் பெட்டி எல்லாம் அவர்களுடையதே.

ஷூவுக்குள் காலை நுழைத்தபடி கோவர்த்தனன் சொன்னான். "கட்டை கேட்டாங்கன்னா கொஞ்சம் எறக்கியே சொல்லு நளினி. காலைல தொண்டை எப்பிடி இருக்குமோ."

"என் கட்டை எனக்குத் தெரியாதா? பாவாடை கட்டிக்கினு பாடன நாள்ல இருந்து அஞ்சரை."

அவன் ஷூ லேஸைக் கட்டி முடித்து, மகளைப் பார்த்தான். இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ, படிக்கிற தரணி, தட்டிலிருந்த இட்லியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நளினி இதைக் கவனித்தாளா என்றால் கவனித்தாள். ஆனால் பரீட்சைக்குப் போகிறவளுக்கு வீட்டில் இருக்கிறவர்கள் முகமெல்லாம் கவலையாகத்தானே தெரியும்? அப்படி நினைத்துக்கொண்டு புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

கட்டை என்பது பாட்டுக்காரர்களுக்குச் செருப்பு நம்பர் மாதிரி. எந்தச் சுருதியில் வைத்துக்கொண்டால் கீழேயும் மேலேயும் குரல் சிரமமில்லாமல் போய் வருமோ அதுதான் அவரவர் கட்டை. நாலு கட்டைக்காரர் மட்டம் என்றோ, ஆறு கட்டைக்காரர் உசத்தி என்றோ கிடையாது. கிடையாதுதான். ஆனாலும் ஐந்தரை என்று சொல்லும்போது நளினிக்குக் கழுத்து ஒரு விரற்கடை நிமிரும். நகரிப் பக்கத்துக் கரும்புக் கொல்லையிலிருந்து வந்தவள் ஐந்தரைக் கட்டையில் கணீரென்று பாடுகிறாள் என்று ஒரு காலத்தில் ஊரே சொன்னது. அந்தப் பெருமையை அவள் கழற்றி வைத்ததே இல்லை.

கல்லூரியில் அவள் முறை சீக்கிரமே வந்தது. மேடை என்று ஒன்றுமில்லை, ஜமுக்காளம் விரித்த ஒரு ஹால். எதிரே மூன்று பேர். நடுவில் வெள்ளை முடியை இறுக்கக் கொண்டை போட்ட ஓர் அம்மாள்.

"ஸ்ருதி எந்தம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஐதுன்னர" என்றாள் நளினி. ஐந்தரை.

வயலின் வாசிக்க உட்கார்ந்திருந்த இளம்பெண் தந்திகளை முறுக்கி ஏற்றினாள். மிருதங்கக்காரர் தன்னிடமிருந்த இரண்டு மிருதங்கங்களில் ஐந்தரைக்கு உண்டானதை எடுத்து, மற்றதை உறைக்குள் போட்டுவிட்டார். கட்டைக்குத் தகுந்த மிருதங்கம் வேண்டும். ஒன்றையே எல்லாச் சுருதிக்கும் முறுக்கிக்கொண்டிருக்க முடியாது.

பெட்டி ஒலிக்க ஆரம்பித்ததும் நளினிக்கு என்னவோ போல் இருந்தது. ஹால் பெரியது, அதனால் உரக்கக் கேட்கிறது என்று எண்ணிக்கொண்டாள். முதலில் பாடிய வர்ணம் ஒப்பேறியது. வேகம் கூட்டிப் பாடும் இரண்டாம் காலத்தில் மூச்சு கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடியது. பயம் என்று எண்ணிக்கொண்டாள்.

அடுத்து கல்யாணி பாடச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்த ராகங்களில் அவளுக்கே சொந்தம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ராகம். மெதுவாகக் கட்டிக்கொண்டு போனாள். மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நிற்கும்போதே கழுத்து நரம்பு இழுத்தது. அதற்கும் மேலே காந்தாரத்துக்கு ஏறியபோது குரல் உடைந்தது.

கீறல் இல்லை, பிசிறு இல்லை. இரண்டாக உடைந்தது.

தண்ணீர் குடித்தாள். சளி என்று ஜாடையில் சொன்னாள். மறுபடி ஏறினாள். மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. வயலின் பெண் பெரிய மனசு பண்ணி அந்தக் காந்தாரத்தைத் தன் வில்லால் நீட்டிப் பூசி மறைத்தாள். தன்னைவிடச் சின்னவள் ஒருத்தி தன் மானத்தை மூடிவிடுகிறாள் என்பது நளினிக்குக் குரல் உடைந்ததைவிட அதிகமாக வலித்தது.

கொண்டைக்கார அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமில்லை. இரக்கம்தான்.

"ஸ்கூல்லோ பாட்டு செப்துன்னாராம்மா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித் தருகிறீர்களா என்று.

நளினி தலையாட்டினாள். அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் தலையாட்டினார். பள்ளிக்கூடக் குரல் என்று அவர்களுக்குள் ஒரு வார்த்தை இருக்கும் போலிருக்கிறது. போன் பண்ணிச் சொல்கிறோம் என்றார்கள். அவள் வாசலில் செருப்பைத் தேடுவதற்குள் உள்ளே அடுத்த ஆளுக்குச் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது.

கல்லூரி வாசலில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கின டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையும் இல்லை. திங்கட்கிழமை சிட்டிபாபுவின் முன்னால் போய் நின்று, இருக்கிற வேலையையாவது விட்டுவையுங்கள் என்று கேட்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

சாய்குமார். அவர்களுடைய கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசிக்கிற பையன். பையன் என்ன, அவனுக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, சத்தியவேட்டில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு அரை அரை நாள் ஓடுகிறான். நாளை மாலை நாராயணவனத்தில் கோயில் உற்சவக் கச்சேரி. அதைப் பற்றித்தான்.

"அக்கா, அண்ணன் போன் எடுக்கல, கிளாஸ்ல கீறாரு போல. நாளைக்கு எப்பவும் போல நாலரை மிருதங்கமே எடுத்துக்கினு வரட்டுமா? இல்ல, இன்னும் எறக்கிட்டீங்களா?"

நளினிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகும் புரியாத மாதிரியே கேட்டாள்.

"எப்பவும் போலன்னா, எப்பத்துல இருந்து சாய்?"

பதில் இழுத்து இழுத்து வந்தது.

"ரெண்டு வருசமா... கொஞ்சம் கொஞ்சமாதானேக்கா எறக்கனோம். நீங்க சொல்லித்தான்னு அண்ணன்..."

நளினி போனை அணைத்தாள்.

ஆகவே இரண்டு வருஷமாக அவள் ஐந்தரையில் பாடவில்லை. மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், பாடுகிறவளுக்கு மட்டும் தெரியாது. இத்தனை நாள் ரசிகர்கள் வந்து, குரல் இப்போது எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று சொன்னபோது, வயசு தந்த பக்குவம் என்று அடக்கமாகச் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்து அவளைக் கூசவைத்தது.

வீட்டுக்குப் போகவில்லை. சித்தூர் பஸ் ஏறினாள்.

கோவர்த்தனனின் பள்ளியிலும் ஆண்டு விழாக் காலம். வாட்ச்மேனிடம் மியூசிக் சார் எங்கே என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. வயலின் சார் என்றாள். அப்போதும் புரியவில்லை. கீபோர்ட் சாரா என்று அவனே கேட்டு, மாடிக்குக் கையைக் காட்டினான்.

வராண்டாவில் கோவர்த்தனன் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, வரிசையாக நின்ற பிள்ளைகளுக்குக் கோலாட்ட டிரெஸ்ஸுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான். தோள், மார்பு, இடுப்பு. பக்கத்தில் ஒரு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சீக்கிரம் ஆகட்டும் சார் என்று அதட்டினாள். அவன் சரி மேடம், சரி மேடம் என்று குனிந்தான்.

ஒரு காலத்தில் பெரிய வித்வான்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்ட வில்லுக்காரன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு வெளியூர்க் கச்சேரிக்கு லீவு கிடைக்காமல், இரண்டு தடவை வரமுடியாது என்று சொன்னான். மூன்றாம் தடவை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு அவனை மேடைக்குக் கூப்பிடுவது நளினி ஒருத்திதான். குனிந்த அந்த முதுகைப் பார்த்தபோது, பஸ்ஸில் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் பாதி அவளுக்கு மறந்துபோயிற்று. மீதிப் பாதி இருந்தது.

அவளைப் பார்த்ததும் அவன் டேப்பைக் கழற்றினான். எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. முகத்திலேயே பார்த்துக்கொண்டான்.

மியூசிக் ரூமுக்குள் அழைத்துப் போனான். துணி போர்த்திய கீபோர்டுகள், மூலையில் பேண்டு வாத்தியங்கள். நளினி ஒரு கீபோர்டின் துணியை விலக்கினாள்.

"நாலரை சுருதி வைங்க" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு ஸ்விட்சைப் போட்டு, கறுப்புக் கட்டை ஒன்றின் மேல் விரலை வைத்தான்.

நளினி நின்றபடியே கல்யாணி பாடினாள். காலையில் பாடியது போலவே கட்டிக்கொண்டு போனாள். மேல் ஷட்ஜம் தானாக வந்தது. காந்தாரத்தில் போய் நின்றாள். குரல் அங்கே சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. அதற்கு மேலும் ஏறிப் பார்த்தாள். அங்கேயும் குரலுக்குப் பஞ்சமில்லை. அளவெடுக்க நின்ற பிள்ளைகள் ஜன்னலில் வந்து மொய்த்தன. இப்படிக்கூடப் பாடுவார்களா என்று கோலாட்ட டீச்சரும் எழுந்து வந்தாள்.

நளினி நிறுத்தினாள். கோவர்த்தனன் விரலை எடுத்தான்.

"இதைப் பாடிட்டு வந்திருப்பேன் காலைல. வேலை என்னுதா இருந்திருக்கும். அவங்க கட்டை எத்தனைன்னுதான் கேட்டாங்க. நாலரைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அந்த வார்த்தை உங்க கிட்ட இருந்துச்சு."

அவன் நடந்ததைச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புத்தூர்க் கச்சேரியில் அவள் குரல் நடுப்பாட்டில் நின்றுபோனது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை, இனிமேல் மேடையே வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகுதான் அவன் சுருதியைக் குறைக்க ஆரம்பித்தான். ஒரேயடியாகக் குறைத்தால் தெரிந்துவிடும் என்று கச்சேரிக்கு ஒரு இழை. அவள் முகத்தில் சந்தோஷம் திரும்பியதைப் பார்த்தான். பிறகு நிறுத்த முடியவில்லை.

"சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பியா நீ?"

"சண்டை போட்டிருப்பேன். அப்பறம் ஒத்துக்கினு இருப்பேன். அந்த சண்டைக்கு பயந்துக்கினு என்னை ஊர் முன்னாடி பொம்மையாக்கிட்ட நீ."

அவனை அவள் நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. இருவருக்கும் அது கேட்டது. இருவரும் அதைத் திருத்தவில்லை.

அவன் மெல்லச் சொன்னான். "நீ பாடறத விட்டுட்டா என்னை யார் கூப்புடுவா நளினி? இந்த டேப்புதான் மிச்சம்."

இதையாவது ஒளிக்காமல் சொன்னானே என்று அவள் நினைத்தாள். கூடவே இன்னொன்றும் தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம், தோன்றிவிட்டது. கல்லூரியில் வேலை கிடைத்தால் அங்கேயே வயலின் இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது.

"எனக்கு இந்த வேலை கெடைக்கக் கூடாதுன்னு நெனச்சியா?"

"இல்ல" என்றான் கோவர்த்தனன்.

சொன்னான்தான். ஆனால் உடனே சொல்லவில்லை. கீழே மைதானத்தில் யாரோ விசில் ஊதி, பிள்ளைகள் கத்தி, அந்தக் கத்தல் அடங்கிய பிறகு சொன்னான். அதுவரை நளினி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்நாளில் கேட்ட எந்த அபஸ்வரமும் அவளை அப்படிக் குத்தியதில்லை.

பள்ளி விட்டதும் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். ஒரே சீட்டில் உட்கார இடம் இருந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்றுகொண்டே வந்தான்.

பாகாலாவைத் தாண்டும்போது அவளுக்கு இன்னொன்று தட்டியது. கச்சேரியில் கோவர்த்தனனின் இடது கை வயலினில், வலது கை வில்லில். சுருதிப் பெட்டி அவனிடம் இருப்பதே இல்லை. அது எப்போதும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளின் மடியில்தான் இருக்கும். பாடுகிறவள் திரும்பிப் பார்க்காத இடத்தில்.

காலையில் அந்தப் பெண் இட்லித் தட்டிலிருந்து ஏன் தலையெடுக்கவில்லை என்று இப்போது தெரிந்தது. புருஷன் செய்ததைத் தாங்கிக்கொண்டு பஸ் ஏறியவளுக்கு இது தாங்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்த கிழவி, மலைக்குப் போறியாம்மா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள். அழுகைக்கு அது ஒரு காரணமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் தரணி நாளைய கச்சேரிக்குப் பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா தனியாகவும் அப்பா தனியாகவும் உள்ளே வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். கோவர்த்தனன் யாரையும் பார்க்காமல் உள் அறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் வயலினை எடுத்துச் சுருதி சேர்க்கும் சத்தம் வந்தது. அவனுக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

"பெட்டி எத்தனைல கீது?" என்று நளினி கேட்டாள்.

தரணி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "நாலரை."

"யார் திருப்புனது?"

"நைனா கண்ணு காட்டுவாரு. நான் திருப்புவேன்."

"எனக்கு சொல்லணும்னு ஒரு நாளும் தோணலியா?"

"தோணும்மா. நீ பாடி முடிச்சிட்டு திரும்பி என்னை பார்த்து சிரிப்ப. அப்ப சொல்ல வாய் வராது."

நளினி அவளை அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. இரண்டுக்கும் கை வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டாள். பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கு இவ்வளவு கனம் உண்டு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. தூக்கியதே இல்லையே.

பிறகு போனை எடுத்துச் சாய்குமாரைக் கூப்பிட்டாள். உள் அறைக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகப் பேசினாள்.

"சாய், நாலரை மிருதங்கமே எடுத்துக்கினு வா. என் கட்டை நாலரைதான். நாளைக்கு மைக்ல நானே சொல்றேன். அப்பறம், சத்தியவேட்டுல பிடில் வாசிக்கிற பொண்ணு ஒண்ணு கீதுன்னு சொன்னியே. அவளால நாளைக்கு வர முடியுமான்னு கேளு."

உள்ளே பஞ்சமத்தில் சேர்ந்துகொண்டிருந்த தந்தி, சேருமுன்பே நின்றது.

தரணி அறைக் கதவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அப்போ நைனா?"

"வருவாரு" என்றாள் நளினி. "கீழ உக்காந்து கேப்பாரு."